லண்டன் ஹரோவுக்குக் கிட்ட, ஓடுற பிள்ளையோட எந்தக் கன்ட்ரி பார்க்குக்குப் போகலாம்?

ஹரோத்தாய்

வணக்கம். மகனுக்கு எட்டு வயது, ஓட்டிசம். கதைக்க மாட்டார், ஆனா நாங்கள் சொல்லுறது விளங்கும். கையை விட்டால் ஓடிடுவார், திரும்பிப் பார்க்கிற பழக்கமே இல்லை. ஆறு கிழமை விடுமுறை வருது. போன வருசம் முழுக்க வீடும் ஐபாடுமாப் போச்சு. பிள்ளையள் விளையாடுற இடத்துக்கு நான் கூட்டிக்கொண்டு போறதில்லை. ஒருக்கா இவர் ஒரு பிள்ளையின்ர பிஸ்கட்டைப் பறிச்சுச் சாப்பிட்டிட்டார், அந்தத் தாய் பாத்த பார்வை இன்னும் கண்ணுக்குள்ள நிக்குது. மரம், வெளி எண்டு இருக்கிற இடம் பரவாயில்லையோ? கிட்ட எண்டால் ஃப்ரையன்ட் கன்ட்ரி பார்க். கார் ஓடுவன். ஆனா தனியத்தான் போகோணும், மனிசனுக்கு ஞாயிறும் வேலை.

பதினைஞ்சுவயசுக்காரன்ர அம்மா

தங்கச்சி, ஃப்ரையன்ட் வடிவான இடம்தான். பார்ன் ஹில் உச்சியில நிண்டால் வெம்பிளி ஸ்டேடியத்தின்ர வளைவு முன்னுக்குத் தெரியும். நானும் போறனான், ஆனா மகன் இல்லாமல். பார்க்கை ரெண்டாப் பிளந்துகொண்டு ஃப்ரையன்ட் வே றோட்டுப் போகுது. மேல குளம் இருக்கு. அவசரத்துக்கு ரொய்லட்டுக்கு எங்க ஓடுறது? ஓடுற பிள்ளையோட முதல் முறை அங்க வேண்டாம்.

நான் சொல்லுறது ஸ்லவ் பக்கத்தில இருக்கிற பிளாக் பார்க். சினிமாப் படம் எடுக்கிற பைன்வுட் ஸ்ரூடியோவுக்குப் பக்கத்தில. பைன் மரம், நடுவில பெரிய குளம், குளத்தைச் சுத்தி மட்டமான பாதை, கஃபே, ரொய்லட் எல்லாம் இருக்கு. பார்க்கிங்குக்குக் காசு. அங்கயும் தண்ணி இருக்கு எண்டு கேப்பீங்கள். இருக்கு, அதால குளத்துப் பக்கம் நீங்கள் நடவுங்கோ, அவர் மரத்துப் பக்கம்.

என்ர மகனுக்கு ஏழு வயசில முதல்முதல் கூட்டிக்கொண்டு போனன். போறதுக்கு எல்லாம் ஆயத்தம் செய்தனான். ரோல்ஸ், மாத்துடுப்பு, காதுக்குப் போடுற மஃப், ரெண்டு பேக் நிறைய. திரும்பி வாறதைப் பற்றி யோசிக்கவே இல்லை. குளத்தின்ர மற்றக் கரைக்குப் போனதும் பாதையில படுத்திட்டார். முன்னுக்குப் போனாலும் தூரம், பின்னுக்குப் போனாலும் தூரம். ஐம்பது நிமிசம் நானும் பக்கத்தில குந்திக்கொண்டு இருந்தன். நாயோட வந்த ஒருத்தர் பொலிசுக்கு அடிக்கவோ எண்டு கேட்டார், பாவம், நல்ல மனசோடதான் கேட்டவர்.

அதுக்குப் பிறகு நாங்கள் குளத்தைச் சுத்துறதே இல்லை. ஒரு பக்கத்தால கொஞ்சத் தூரம் போய், போன பாதையாலயே திரும்பி வருவம். பாத்த மரம், பாத்த வாங்கு, பிறகு கார். அவருக்கு அது பிடிச்சிருக்கு. காருக்குள்ள மட்டும் கிடைக்கிற சாமான் ஒண்டு வேணும். எங்களுக்கு அது முறுக்கு. வீட்டில கேட்டு அழுதாலும் குடுக்க மாட்டன்.

முதல்ல பள்ளிக்கூட நாளில நீங்கள் தனியப் போய், மகனுக்கு முன்னமே காட்டுறதுக்குப் போனில படம் எடுங்கோ. கார் பார்க், பாதை துவங்கிற இடம், வாங்கு, ரொய்லட் கதவு, கடைசியாக் கார். ஐஸ்கிறீம் வானை எடுக்காதேங்கோ! நீங்கள் போற அண்டைக்கு அது நிக்காட்டி முடிஞ்சுது கதை. கை காய வைக்கிற மெசின் ரொய்லட்டுக்குள்ள இருக்கோ எண்டும் பாருங்கோ. எங்கட வீட்டில யுத்தம் துவங்கினதே அந்தச் சத்தத்தாலதான்.

சில்லுவண்டி அப்பா

அக்கா சொன்னதோட ரெண்டு மூண்டு விசயம். என்ர மகள் வீல்சேரில, வயது பன்னிரண்டு. லண்டன் மண் களிமண், மழை பெய்தால் சில்லு இறுகிடும். ஐப்பசி தொடங்கிப் பங்குனி மட்டும் புல்வெளிப் பக்கம் நாங்கள் போறதில்லை.

உங்களுக்கு உதவக்கூடியது புளூ பாட்ஜ், குறைபாடு இருக்கிற ஆக்களுக்குக் குடுக்கிற பார்க்கிங் அட்டை. 2019 ஓகஸ்ட்டில இருந்து இங்கிலாந்தில வெளியில தெரியாத குறைபாடு இருக்கிற ஆக்களும் எடுக்கலாம். றோட்டில ஓடுற பிள்ளை எண்டதை விபரமா எழுதுங்கோ, "சில நேரம் கஸ்ரம்" எண்டு மரியாதைக்குக் குறைச்சு எழுதாதேங்கோ, எங்கட ஆக்கள் விடுற பிழை அதுதான். பாட்ஜ் இருந்தால் எல்லா இடமும் பார்க்கிங் இலவசம் எண்டில்லை, பலகையைப் பாருங்கோ. ரேடார் திறப்பு ஒண்டு வாங்கி வையுங்கோ, பூட்டி வைச்சிருக்கிற டிசேபிள் ரொய்லட் கனக்க அதாலதான் திறக்கும்.

பெரிய பிள்ளைக்கு உடுப்பு மாத்திற ஆக்கள் 'சேஞ்சிங் பிளேசஸ்' எண்ட ரொய்லட் இருக்கோ எண்டு பாத்திட்டுப் போங்கோ. பெரியாக்கள் படுக்கிற மேசையும் தூக்கிற மெசினும் இருக்கும். அது இல்லாமல் மகளை ரொய்லட் நிலத்தில படுக்க வைச்ச நாள் ஒண்டு இருக்கு, அதை நான் இஞ்ச எழுதேல்லை.

கோவைப்பொண்ணு

நான் ஸ்பெஷல் ஸ்கூல்ல டீச்சிங் அசிஸ்டன்ட்டா இருக்கேன். கன்ட்ரி பார்க்குக்கு எங்க பசங்களைக் கூட்டிட்டுப் போனா பெரிய தலைவலி நாய்தாங்க. கயிறு இல்லாம ஓடி வரும், நம்ம பையன் ஓடுவான், விளையாட்டுன்னு நினைச்சு அதுவும் துரத்தும். வீட்லயே "மரம்" பழகுங்க. மரம்னு சொன்னா கையை உடம்போட ஒட்டி வெச்சு நிக்கணும், அவ்வளவுதான். தினம் சாப்பாட்டுக்கு முன்னாடி ரெண்டு தடவை, சிரிச்சிட்டே. நாய்க்காரங்ககிட்ட "லீட் ப்ளீஸ், ஹீ இஸ் ஸ்கேர்ட்" போதும். சாரி சொல்லாதீங்க அக்கா. வெளிய தெரியாத குறைபாடு இருக்குன்னு காட்டக் கழுத்துல போடுற சூரியகாந்திப் பட்டை போட்டா கடைக்காரங்களுக்குப் புரியும், நாய்க்குப் புரியாது.

இன்னொண்ணு. லண்டன்ல மே கடைசியில இருந்து ஜூலை வரைக்கும் ஓக் மரத்துல கூட்டமா ஊர்ற கம்பளிப்பூச்சி வரும், வெள்ளை நூல் மாதிரி கூடும் கட்டும். அந்த முடி பட்டா தோல் தடிச்சுப் போகும், கண்ணும் எரியும். எதையும் தொட்டுப் பாக்குற, வாயில வைக்கிற பையன்னா ஓக் பக்கம் உக்காராதீங்க.

ஹரோத்தாய்

எல்லாருக்கும் நன்றி. போன வெள்ளி நான் தனியப் போய்ப் படம் எடுத்தன், நேற்று இவரைக் கூட்டிக்கொண்டு பிளாக் பார்க் போனன். காரை விட்டு இறங்கினதும் கார் பார்க் ஓரத்தில பைன் காய் கிடந்தது. நிலத்தில இருந்து ஒவ்வொண்டாப் பொறுக்கி, பெரிசு சின்னன் பாத்து வரிசையா அடுக்கினார். நாப்பது நிமிசம் ஓடேல்லை. ஒரு நாய் வந்தது, நான் "மரம்" எண்டன், அவர் நிண்டார், நான்தான் நடுங்கினன். கார்ப் படத்தைக் காட்டினதும் தானே போய் ஏறினார். முறுக்குக்குப் பதிலா வீட்டில பகோடாதான் இருந்தது, அதுக்கு ஒரு சின்னச் சண்டை.

அடுத்த ஞாயிறும் போறம். குளம் எந்தப் பக்கம் இருக்கு எண்டு அவர் இன்னும் பாக்கேல்லை.