ஹூட் போட்டாலும் தொல்லை, போடாவிட்டாலும் தொல்லை: என்ன செய்வது?

புதுக்கேமரா:
வணக்கம். என்னிடம் இருப்பது கேனான் 200டி, அதோடு வந்த 18-55 எஸ்டிஎம் லென்ஸ். போன மாதம் மாமல்லபுரம் போய், காலையில் கடற்கரைக் கோயிலுக்கு மேற்கே நின்று கடலைப் பார்த்து எடுத்தேன். பாதிப் படங்கள் பால் தெளித்தது போல் வெளுத்துவிட்டன, கல்லில் கறுப்பே இல்லை. சிலவற்றில் பச்சைப் பொட்டுகள். வெயிலை மறைக்க லென்ஸ் முனையில் மாட்டும் ஹூட் போடு என்றார்கள். இதழ் இதழாக வெட்டிய ஒன்றை 350 ரூபாய்க்கு வாங்கினேன். அதைப் போட்டு வீட்டில் பிறந்தநாள் எடுத்தால், படத்தின் அடியில் அரைவட்டமாக நிழல்! எப்போதும் போட்டே வைப்பதா, வேண்டாமா? லென்ஸ் மேல் யுவி ஃபில்டரும் (பாதுகாப்புக் கண்ணாடி) இருக்கிறது, கடையில் மாட்டிக் கொடுத்தார்கள்.

கல்யாண கேமரா:
போட்டே வையுங்க தம்பி. என் லென்ஸ் மண்டபப் படியில் உருண்டபோது உடைந்தது ஹூட் மட்டும்தான்.

வெயில்காயும்பூனை:
அண்ணன் சொல்வது சரி, ஆனால் தம்பி கேட்டது வேறு.

வெளுப்பும் பொட்டும் ஒரே நோய் இல்லை. சூரியன் படத்துக்குள் இல்லாவிட்டாலும், அதன் வெளிச்சம் லென்ஸின் முன்கண்ணாடியில் சாய்வாக விழுந்தால் உள்ளே சிதறி, கறுப்பை எல்லாம் சாம்பலாக்கிவிடும். ஹூட் தடுப்பது இதைத்தான். சூரியனே படத்துக்குள் இருந்தால் எந்த ஹூடும் உதவாது. அப்போது இரண்டடி நகர்ந்து, சூரியனைக் கோயிலின் பெரிய விமானத்தின் பின்னால் ஒளித்துக்கொள்ளுங்கள்.

பொட்டு விஷயத்தில் என் சந்தேகம் ஃபில்டர் மேல். இரவில் ஒரு தெருவிளக்கை எடுத்துப் பாருங்கள். விளக்குக்கு நேர் எதிர்ப்பக்கம் தலைகீழாக ஒரு குட்டி விளக்கு தெரிந்து, ஃபில்டரைக் கழற்றியதும் மறைந்தால், குற்றவாளி அதுதான்.

பிறந்தநாள் நிழலுக்குக் காரணம், கேமராவோடு சேர்ந்த ஃபிளாஷ் உயரம் குறைவு. 18இல், அதாவது ஜூம் செய்யாமல் அகலமாக எடுக்கும்போது, அதன் வெளிச்சத்தை ஹூட் மறைக்கிறது. அந்த ஃபிளாஷ் போட்டால் ஹூடைக் கழற்றுங்கள், அவ்வளவுதான்.

இன்னொன்று. ஜூம் லென்ஸ் ஹூடை 18க்கு ஏற்ற மாதிரி குட்டையாகத்தான் வெட்டுவார்கள், இல்லையென்றால் மூலையில் கறுப்பு விழும். அதனால் முழுக்க ஜூம் செய்த 55இல் அது போதாது. வியூஃபைண்டரைப் பார்த்தபடியே உள்ளங்கையை லென்ஸுக்கு மேல் குடை போல் பிடியுங்கள். படம் பளிச்சென்று தெளிந்தால் நிழல் தேவைப்பட்டது என்று அர்த்தம். கை படத்துக்குள் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள், என்னிடம் விரலோடு நிறைய கோபுரங்கள் இருக்கின்றன.

கல்யாண கேமரா:
வாங்கிய ஹூட் எந்த மாடல் தம்பி? அந்த லென்ஸுக்கு உரியது ஈடபிள்யூ-63சி. பழைய 18-55இன் வட்ட ஹூட் இதற்குச் சேராது. மாட்டும்போது நீள இதழ்கள் மேலும் கீழும் வரவேண்டும். கோணலாக நின்றால் மூலை கறுக்கும்.

புதுக்கேமரா:
மாடல் அதேதான் அண்ணா. தெருவிளக்குச் சோதனை செய்தேன், தலைகீழ் விளக்கு அப்படியே தெரிந்தது! ஃபில்டரைக் கழற்றியதும் காணோம். இன்று காலை கடற்கரையில் ஹூட் மட்டும் போட்டு எடுத்தேன், 18இல் நன்றாக வந்தது. 55இல் கையும் வேண்டியிருந்தது. ஆனால் ஃபில்டர் இல்லாததால் கண்ணாடியில் உப்புத் துளி படிந்துவிட்டது. சட்டை நுனியால் துடைக்கலாமா?

வெயில்காயும்பூனை:
ஐயோ, சட்டை வேண்டாம்! முதலில் ஊதுபந்தால் மணலை ஊதித் தள்ளுங்கள். அப்புறம் லென்ஸ் துணியில் கிளீனர் ஒரு சொட்டு விட்டு மெதுவாகத் துடையுங்கள். இப்படி உப்புக்காற்று அடிக்கும் இடத்தில் சூரியன் முதுகுப் பக்கம் இருந்தால் ஃபில்டரை மாட்டிக்கொள்ளலாம். எதிர்வெயில் வந்ததும் கழற்றிப் பையில் போடுங்கள்.