சன்னல், அலமாரிக் கண்ணாடிகளுக்கு மர பீடிங்: எந்த மரம், எப்படிப் பொருத்துவது?

தக்கலை வீட்டுக்காரர்:

வணக்கம். தக்கலைக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் பழைய ஓட்டு வீட்டில், மேற்குப் பார்த்த சன்னல் கதவுகளின் கண்ணாடியைப் பிடித்து நிறுத்தும் மர பீடிங் கீழ்ப்பக்கத்தில் மட்டும் உளுத்து, அதில் அடித்த ஆணிகளும் துருவேறிவிட்டன. ஆனி, ஆடி மாதங்களில் சாரல் அடிக்கும்போது, தண்ணீர் கண்ணாடியின் அடிவழியாக உள்ளே வடிகிறது. சட்டங்கள் அயனி மரம். அவற்றில் பழுது எதுவும் இல்லை. கூடத்தில் இருக்கும் தேக்கு அலமாரியிலும் பீடிங் தளர்ந்து, கதவைச் சாத்தும்போதெல்லாம் கண்ணாடி அதிர்கிறது.

பார்க்க வந்த ஆசாரி ஒருவர், பீடிங்கே வேண்டாம், சிலிக்கானால் ஒட்டிவிடலாம் என்கிறார். இன்னொருவர் ரப்பர் மரத்தில் புதிய பீடிங் அறுத்துத் தருவதாகச் சொல்கிறார். வீட்டின் பழைய தோற்றம் கெடக் கூடாது என்பது என் விருப்பம். அனுபவம் உள்ளவர்கள் வழிசொல்ல வேண்டுகிறேன்.

குழித்துறைத் தச்சர்:

அண்ணாச்சி, பீடிங்கைக் கைவிடாதீர்கள். சிலிக்கானால் மட்டும் ஒட்டிய கண்ணாடி பிற்பாடு உடைந்தால், காடியில் (சட்டத்தில் கண்ணாடி உட்காரும் பள்ளத்தில்) ஒட்டிக்கிடக்கும் துண்டுகளைச் சுரண்டி எடுப்பதற்குள் சட்டத்தின் விளிம்பும் சேர்ந்து பெயர்ந்துவிடும். பீடிங்கைக் கழற்றிக் கண்ணாடியை மாற்றலாம் என்பதே அதன் சிறப்பு. ஆகவே அதற்குப் பசை போடாமல் ஆணியால் மட்டும் நிறுத்த வேண்டும்.

பதப்படுத்திய ரப்பர் பலகை நாற்காலிக்கும் மேசைக்கும் நல்லதுதான். ஆனால் மழை படும் இடத்தில் அது பூஞ்சணம் பிடித்து விரைவில் கெடும். பதப்படுத்தாவிட்டால் வண்டும் துளைக்கும். உங்கள் சன்னலுக்குத் தேக்கோ, சட்டத்தோடு ஒத்துப்போகும் அயனியோ போதும். எதுவானாலும் மரத்தின் நடுவில் உள்ள கெட்டியான வைரப் பகுதியில் அறுத்ததாக, நன்றாக உலர்ந்ததாக இருக்கட்டும். வெள்ளை, அதாவது வைரத்தைச் சுற்றியுள்ள வெளிர் நிற வெளிப்பகுதி, ஒட்டியிருக்கும் துண்டுகளைத் தயங்காமல் தள்ளிவிடுங்கள்.

கீழ் பீடிங் மட்டும் உளுத்ததற்கு மரத்தைவிட அதன் வடிவமே காரணம் என்று நினைக்கிறேன். கண்ணாடியில் வழியும் நீர் முழுவதும் வந்து சேர்வது அங்கேதான். அதன் மேல்முகம் மட்டமாக இருந்தால் நீர் தங்கி, அடியில் உள்ள மயிரிழை இடைவெளிக்குள் புகுந்து, உலர வழியில்லாமல் கிடக்கும். எனவே புதிய கீழ் பீடிங்கின் மேல்முகத்தை வெளிநோக்கிச் சரிவாக இழைத்து, சட்டத்தின் முகத்தைவிட 2 அல்லது 3 மில்லிமீட்டர் வெளியே நீட்டி நிற்கும்படி அமையுங்கள். வடியும் நீர் சட்டத்தில் ஊறாமல் கீழே சொட்டிவிடும்.

பொருத்துவதற்கு முன் காடிக்கும், பீடிங்கின் நான்கு முகங்களுக்கும், முக்கியமாக அறுத்த முனைகளுக்கும் பிரைமர் பூசிக் காயவிட வேண்டும். முனைகள்தான் நீரை அதிகம் குடிக்கும். கண்ணாடி ஓரத்தை அடைக்க ஆளிவிதை எண்ணெயில் பிசைந்த புட்டி வைப்பதாக இருந்தாலும் இது அவசியம். பூச்சில்லாத மரம் அந்த எண்ணெயை உறிஞ்சிவிட, புட்டி வறண்டு வெடித்துப்போகும்.

கண்ணாடியைக் காடிக்கு இறுக்கமாக அறுக்காமல் சுற்றிலும் 2 முதல் 3 மில்லிமீட்டர் இடைவெளி விடுங்கள். நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. அப்போது மரம் ஊதும், மாசி பங்குனி வெயிலில் சுருங்கும், அந்த அசைவு கண்ணாடியை நெருக்கக் கூடாது. கீழே, இரு முனைகளிலிருந்தும் அகலத்தில் கால்பங்கு தள்ளி ஒவ்வொரு சிறு ரப்பர் கட்டை வைத்து, அவற்றின்மேல் கண்ணாடியை உட்காரவைக்க வேண்டும். 4 மில்லிமீட்டர் கண்ணாடி சதுர மீட்டருக்கு 10 கிலோ எடை இருக்கும். அந்தப் பாரத்தை இந்தக் கட்டைகள் வழியாகச் சட்டமே தாங்க வேண்டும். பீடிங்கின் வேலை கண்ணாடி முன்னால் சாயாமல் பிடிப்பது மட்டுமே.

மூலைகளை 45 பாகையில் அறுத்து, முதலில் மேல், கீழ்த் துண்டுகளைப் பொருத்துங்கள். பக்கத் துண்டுகளை இம்மி நீளமாக அறுத்து, நடுவில் லேசாக வளைத்து, முனைகளைச் செருகி அழுத்தினால் மூலைகள் இறுகிப் பொருந்தும். முனையிலிருந்து 5 சென்டிமீட்டர் தள்ளி முதல் ஆணியும், பிறகு 15 சென்டிமீட்டருக்கு ஒன்றுமாக அடித்தால் போதும். முன்துளை போடாவிட்டால் இவ்வளவு மெல்லிய துண்டு பிளந்துவிடும்.

குளச்சல் கரை:

மேலே சொன்னவற்றோடு ஆணியைப் பற்றி ஒன்று சேர்க்கிறேன். கடற்காற்று படும் ஊர்களில் இரும்பு ஆணி துருவேறிப் பருத்து, பீடிங்கை உள்ளிருந்தே பிளக்கும். பித்தளை ஆணியோ, துருப்பிடிக்காத எஃகில் 316 தரத்து ஆணியோ வாங்குங்கள். கண்ணாடிக்குப் பின்னால் சிலிக்கான் வைத்தால், வினிகர் வாசனை அடிக்கும் வகையைத் தவிர்த்து நியூட்ரல் என்று கேட்டு வாங்க வேண்டும். முன்னதிலிருந்து வெளிவரும் அசிட்டிக் அமிலம் பித்தளையை அரிக்கும்.

ஆனால் பீடிங் வெளிப்பக்கம் இருப்பதில் எனக்கு உடன்பாடில்லை. தரைத்தளத்தில் ஓர் உளி இருந்தால் எவரும் அதை நெம்பிக் கண்ணாடியைக் கழற்றிவிடலாம். உங்கள் சன்னலுக்குக் கம்பி இருக்கிறதா?

தக்கலை வீட்டுக்காரர்:

இருவருக்கும் மிக்க நன்றி. எல்லாச் சன்னலிலும் இரும்புக் கம்பி உண்டு. காடியும் வெளிப்பக்கமாகவே வெட்டப்பட்டிருப்பதால் அப்படியே தொடர்கிறேன். பழைய கண்ணாடிகளை உடைக்காமல் எடுக்க முடியுமா? அலமாரிக்கும் இதே முறைதானா?

குழித்துறைத் தச்சர்:

முடியும். மூலையில் கைவைக்காமல், நீளமான பீடிங்கின் நடுவில் மெல்லிய புட்டிக் கத்தியை மரத்துக்கும் மரத்துக்கும் இடையே செருகி, சிறிது சிறிதாக வெளிநோக்கி வளைத்தால் ஆணிகள் தளர்ந்து முனைகள் தாமாக விடுபடும். கண்ணாடியில் ஊன்றி நெம்பக் கூடாது. அதன்மேல் தடித்த அட்டை ஒன்றைச் சாய்த்து வைத்துக்கொள்ளுங்கள். கையுறையும் கண் காப்பும் கட்டாயம் வேண்டும்.

அலமாரிக்கு மழை இல்லை என்பதால் சிலிக்கானும் புட்டியும் தேவையில்லை. காடியில் மெல்லிய கம்பளித் துணிப் பட்டை வைத்து, அதன்மேல் கண்ணாடியை அமர்த்தி, கதவின் உட்பக்கமாகத் தேக்கு பீடிங்கை அடித்தால் அதிர்வு நின்றுவிடும். தேக்கில் இயல்பான எண்ணெய்ப் பசை உண்டு. பாலிஷ் போடுவதற்கு முன் தின்னரால் துடைத்தால்தான் பூச்சு பிடிக்கும்.

கழற்றும்போது மேல் பீடிங்கில் கெடாத துண்டு ஒன்றை மாதிரிக்கு எடுத்து வையுங்கள். மர இழைப்புப் பட்டறையில் அதைக் காட்டினால், அதே வளைவுக்கு பிளேடு தீட்டிப் புதியதை இழைத்துத் தருவார்கள். கீழ்த் துண்டுக்கு மட்டும் சரிவைத் தனியாகச் சொல்லுங்கள்.