டிராவலர் கேம்பரில் பின் சீட் இடுப்பை ஒடிக்கிறது, ஸ்பாஞ்ச் ஏற்றியும் சரியாகவில்லை, உதவி தேவை

கொங்கு_நாடோடி:
வணக்கம், கோவையில் இருந்து எழுதுகிறேன். பழைய ஃபோர்ஸ் டிராவலர் 3350 வேன் ஒன்றை வாங்கிப் பட்டறையில் கொடுத்து கேம்பராக, அதாவது உள்ளேயே படுத்துத் தூங்கிப் பயணம் போகிற வண்டியாக மாற்றினோம். ஆர்.சி.யிலும் மாற்றியாகிவிட்டது, அந்தக் கவலை இல்லை. தொல்லை பின் சீட்டில்தான். பகலில் சீட், ராத்திரி விரித்தால் கட்டில் என்று பிளைவுட் பெட்டி அடித்து, மேலே ஸ்பாஞ்ச் வைத்து ரெக்சின் போட்டுக் கொடுத்தார்கள். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. போன மாதம் ராமேஸ்வரம் கிளம்பினோம், ஒட்டன்சத்திரம் தாண்டுவதற்குள் அம்மாவுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது, மதுரையில் இறங்கும்போது இரண்டு காலும் வீங்கியிருந்தது. திரும்பி வந்ததும் மேலே இன்னொரு 2 அங்குல ஸ்பாஞ்ச் போட்டேன். பல்லடம் வரை ஓட்டிப் பார்த்தால், முன்பு இருந்ததே தேவலை என்கிறார். அடுத்து ஹம்பி போக ஆசை, 700 கிலோமீட்டருக்குப் பக்கம் வரும். இன்னும் 4 அங்குலம் ஏற்றட்டுமா, இல்லை காரில் இருந்து கழற்றிய பழைய சீட்டை வாங்கி மாட்டட்டுமா?

ஹாரன்_பிரியன்:
பின் ஸ்பிரிங்கில் அடுக்கியிருக்கிற இரும்புப் பட்டையில் ஒன்றைக் கழற்றி எறியுங்க ப்ரோ. மெத்தை மாதிரி போகும்.

ரெக்சின்_மாமா:
தம்பி, காசு செலவழிக்கும் முன்னால் ஒரு டேப்பை எடுத்து அளந்து சொல்லுங்கள். தரையில் இருந்து சீட் மேல்வரை எத்தனை அங்குலம், முன் விளிம்பில் இருந்து சாய்மானம் வரை எத்தனை, சாய்மானம் நேராக நிற்கிறதா கொஞ்சம் சாய்கிறதா, அம்மா என்ன உயரம்? அப்புறம் சீட் மேல் ஒற்றை முழங்காலை ஊன்றிப் பாருங்கள், பலகை தட்டுப்படுகிறதா?

கொங்கு_நாடோடி:
அளந்துவிட்டேன் அண்ணா. பெட்டி 18 அங்குலம் (உள்ளே தண்ணீர் டேங்க் இருக்கிறது), முதலில் போட்ட ஸ்பாஞ்ச் 4, நான் போட்டது 2, ஆக 24. உள்ளே போகும் ஆழமும் 24. சாய்மானம் சுவர் மாதிரி நேராக நிற்கிறது. அம்மா ஐந்தடிதான். முழங்காலை ஊன்றினால் பலகை நன்றாகவே தட்டுப்படுகிறது.

ரெக்சின்_மாமா:
நினைத்தேன். இது மெத்தைக் கோளாறு மட்டும் இல்லை, கட்டிலுக்கு எடுத்த அளவில் சீட் செய்துவிட்டார்கள். வீட்டு நாற்காலி 17, 18 அங்குலம்தான் இருக்கும். 24 அங்குலத்தில் உட்கார்ந்தால் அம்மாவுக்குக் கால் தரையில் எட்டாது, தொங்கும் காலின் பாரம் எல்லாம் தொடைக்கு அடியில் அந்தப் பலகை விளிம்பில் விழும், ரத்தம் ஓடாமல் கால் வீங்கும். நீங்கள் ஸ்பாஞ்ச் ஏற்ற ஏற்ற உயரம் கூடியது, அதனால்தான் மோசமானது. ஆழமும் அதிகம். முதுகு சாய்மானத்தைத் தொட வேண்டுமானால் முழங்கால் மடியாது, மடக்க வேண்டுமானால் முன்னால் நகர்ந்து கூனி உட்கார வேண்டும். அங்கேதான் இடுப்பு போகிறது.

செய்ய வேண்டியது: மேலே போட்ட 2 அங்குலத்தைத் தூக்கிவிடுங்கள். பழைய 4 அங்குலத்தையும் மாற்றி, அடியில் 2 அங்குலம் ரீபாண்டட் (ஃபோம் துண்டுகளை அழுத்தி ஒட்டிய கெட்டிப் பலகை), மேலே 2 அங்குலம் 40 டென்சிட்டி எச்.ஆர். ஃபோம் (அமுங்கினாலும் திரும்ப எழும்பும் அடர்த்தியான ஃபோம்) வையுங்கள். கடையில் தொட்டுப் பார்த்தால் கெட்டியாகத் தெரியும், ஏமாறாதீர்கள், தொட்டதும் புதைகிற ஸ்பாஞ்ச்தான் இரண்டு மணி நேரத்தில் அப்பளமாகும். முன் விளிம்பை உருட்டலாக வெட்டச் சொல்லுங்கள். முதுகுக்கு ஆப்பு வடிவில் தனி ஃபோம் திண்டு, கீழே 6 அங்குலம், மேலே போகப் போக 2 அங்குலம், வெல்க்ரோவில் ஒட்டினால் ராத்திரி கழற்றி வைத்துக் கட்டிலை விரிக்கலாம். அதிலேயே ஆழமும் குறையும், சாய்வும் கிடைக்கும். முழங்கால் மடிப்புக்கும் விளிம்புக்கும் நடுவே இரண்டு விரல் போக வேண்டும், அதுதான் கணக்கு. சீட்டின் முன்பக்கம் ஓர் அங்குலம் தூக்கலாக இருந்தால் பிரேக் அடிக்கும்போது வழுக்காது. காலுக்கு ஒரு மணை போடுங்கள், ஆனால் தரையோடு கட்டிப் போடுங்கள்.

இதையெல்லாம் வெட்டும் முன்னால் வீட்டுப் போர்வையை மடித்து முதுகுக்குப் பின்னால் வைத்து ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள். காசில்லாத சோதனை.

நாலுவழிச்_சாலை:
பட்டையைக் கழற்றும் யோசனை வேண்டவே வேண்டாம், நான் பன்னிரண்டு வருடம் டிராவலர் ஓட்டியவன். பாரம் தாங்கும் கணக்கே மாறிவிடும், வளைவில் வண்டி சாயும், தண்ணீரும் சாமானும் ஏற்றிய அன்று பின்பக்கம் உட்கார்ந்துவிடும். டிராவலரின் ஸ்பிரிங் ஆள் நிரம்பிய வண்டிக்குப் போட்டது, நான்கு பேரோடு போனால் தூக்கிப் போடத்தான் செய்யும், பின் அச்சுக்கும் பின்னால் உட்கார்ந்தால் இன்னும் அதிகம். முதலில் டயர் காற்றைப் பாருங்கள். முழுப் பாரத்துக்கு அடிக்கும் காற்றையே பழக்கத்தில் அடித்து வைத்திருப்பார்கள். வண்டியை இப்போதைய சாமான்களோடு எடை போட்டு, அதற்கு எவ்வளவு காற்று என்று கம்பெனி அட்டவணையில் பார்த்து அடியுங்கள். ஷாக் அப்சர்பரில் எண்ணெய்க் கசிவு இருந்தால் இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள்.

இன்னொன்று, சீட் பெல்ட் எதில் போல்ட் அடித்திருக்கிறது? பலகைப் பெட்டியில் என்றால் அது பெல்ட்டே இல்லை. பாடியின் இரும்பில், அடியில் தகடு கொடுத்து இறுக்கியிருக்க வேண்டும். கார் சீட் மாட்டினாலும் இதே கதைதான்.

மலர்விழி_அக்கா:
தம்பி, ரெக்சினுக்கு மேலே பருத்தி உறை ஒன்று தைத்துப் போடுங்க, வியர்வையில் நனைந்து உட்காருவதே பாதி வேதனை. ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு தடவை நிறுத்தி அம்மாவை நடக்க விடுங்க. இரண்டு காலும் லேசாக வீங்கி மறுநாள் வடிந்தால் உட்கார்ந்ததால்தான் இருக்கும். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் காத்திருக்காமல் டாக்டரிடம் போங்க.

கொங்கு_நாடோடி:
மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். வீக்கம் மறுநாளே வடிந்துவிட்டது அக்கா. போர்வைச் சோதனையிலேயே வித்தியாசம் தெரிந்தது, அதனால் துணிந்து ஃபோம் வெட்டக் கொடுத்தேன். கடைக்காரர் உருட்டல் விளிம்புக்குத் தனிக் காசு கேட்டார், கொடுத்தேன். காற்று உண்மையிலேயே அதிகமாகத்தான் இருந்தது. பெல்ட்டைப் பார்த்தபோதுதான் எனக்கு வயிற்றைக் கலக்கியது, நான்கு போல்ட்டும் வெறும் பிளைவுட்டில். அதைத் தகடு கொடுத்து மாற்றிய பிறகுதான் வண்டியை எடுத்தேன். நேற்று பழனி போய்வந்தோம், அம்மா தாராபுரம் வரை தூங்கிக்கொண்டே வந்தார். குலுக்கல் குறைந்திருக்கிறது, போகவில்லை. ஷாக் அப்சர்பர் அடுத்த மாதச் சம்பளத்தில்.