தற்காப்புத் துப்பாக்கிக்குச் சட்டப் பாதுகாப்புத் திட்டம்: டெக்சாஸில் எடுத்தவர்கள் யாராவது சொல்லுங்கள்

இரவுக்கடை:

வணக்கம். ஹூஸ்டனுக்கு வெளியே ஒரு கேஸ் ஸ்டேஷனும் அதை ஒட்டிய கடையும் நடத்துகிறேன். இரவு பதினொன்றுக்குப் பூட்டிவிட்டு வசூலோடு தனியாகத்தான் காருக்குப் போக வேண்டும். போன வருடம் இரண்டு தடவை ஆட்கள் பின்னாலேயே வந்தார்கள். அதன் பிறகுதான் துப்பாக்கி வாங்கினேன். கிரீன் கார்டு இருப்பதால் வாங்குவதில் சிக்கல் இல்லை. 2021 செப்டம்பரிலிருந்து இங்கே லைசென்ஸ் இல்லாமலேயே இடுப்பில் வைத்துக்கொள்ளலாம், ஆனாலும் மனசு கேட்காமல் வகுப்புக்குப் போய் லைசென்ஸும் எடுத்தேன்.

வகுப்பு முடிந்ததும் பயிற்சியாளர் ஒரு படிவத்தை நீட்டினார். மாதம் முப்பது டாலர். தற்காப்புக்காகச் சுட நேர்ந்தால் வக்கீல் செலவு, ஜாமீன் எல்லாம் அவர்கள் பார்த்துக்கொள்வார்களாம். வீட்டில் சொன்னால், "இன்னும் ஒருத்தரையும் சுடவே இல்லை, அதற்குள் வக்கீலுக்குத் தவணையா?" என்கிறாள். எனக்குப் பதில் தெரியவில்லை. கடைக்கு ஏற்கெனவே இன்சூரன்ஸ் இருக்கிறது. அது போதாதா? இதை நிஜமாகவே பயன்படுத்தியவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

வெறுங்கை:

படிவம் நீட்டுகிற பயிற்சியாளர்கள் பலருக்கு அதில் கமிஷன் உண்டு, அதை முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். முப்பது டாலரை மிச்சம் பிடித்து ஒரு நல்ல கிரிமினல் வக்கீலின் நம்பரைப் பர்ஸில் வையுங்கள். இல்லாவிட்டால் கடையைப் பத்து மணிக்கே பூட்டுங்கள்.

பழைய உறுப்பினர்:

நான் பயன்படுத்தியிருக்கிறேன். சுடவில்லை, உருவினேன், அவ்வளவுதான். அதற்கே ஒரு வருடம் போயிற்று.

மளிகை வாங்கி வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தேன். பார்க்கிங் இடத்துக்காக ஒருவன் கத்திக்கொண்டே வந்தான். கையில் டயர் கழற்றுகிற கம்பி. காருக்குள் என் மகள். "கிட்டே வராதே" என்று இரண்டு முறை சொன்னேன். நிற்கவில்லை. துப்பாக்கியை எடுத்துத் தரையைப் பார்த்துப் பிடித்தேன். அவன் ஓடிப்போய், நான் போனை எடுப்பதற்குள் 911-ஐக் கூப்பிட்டு, ஒருத்தன் தன்னைச் சுட வருகிறான் என்று சொல்லிவிட்டான். யார் முதலில் கூப்பிடுகிறாரோ அவர்தான் போலீஸுக்குப் பாதிக்கப்பட்டவர். கம்பி எங்கே போனதோ தெரியவில்லை, எனக்குக் கைவிலங்கு.

கொடிய ஆயுதத்தோடு தாக்குதல் என்று எழுதினார்கள். மிரட்டினாலே அதில் வந்துவிடும். டெக்சாஸில் அது இரண்டாம் நிலை ஃபெலனி, அதாவது கடுங்குற்றம், 2 முதல் 20 வருடம் வரை சிறை. ஜாமீன் 20,000 டாலர். நமக்காக ஜாமீன் நிற்கிற ஏஜெண்டுக்கு 2,000 கட்டினோம், அது திரும்பாத காசு.

அன்று ராத்திரி மனைவி திட்டத்தின் அவசர எண்ணைக் கூப்பிட்டாள். எடுத்தவர் மரியாதையாகத்தான் பேசினார், ஆனால் முதல் கேள்வியே "சுட்டாரா?" இல்லை என்றதும், வெறுமனே எடுத்துக் காட்டியது ‘பயன்பாடு’ என்ற வரையறைக்குள் வருமா என்று பார்க்க வேண்டும் என்றார். நான்கு நாள் பார்த்தார்கள். அதற்குள் மச்சானிடம் கடன் வாங்கி 7,500 டாலருக்கு நாங்களே ஒரு வக்கீல் வைத்துவிட்டோம். ஐந்தாம் நாள் திட்டம் சம்மதித்தது. ஆனால் அவர்கள் பட்டியலில் உள்ள வக்கீல்தான் வேண்டுமாம். அந்த 7,500 என் தலையில் விழுந்தது.

அதற்காக அந்தக் காசு வீண் என்று சொல்ல மாட்டேன். முதல் வக்கீல் செய்த ஒரே வேலை, மூன்றாம் நாளே கடைக்குக் கடிதம் போட்டு பார்க்கிங் கேமரா பதிவை அழிக்காமல் வைக்கச் சொன்னது. கம்பி அதில்தான் தெரிந்தது. திட்டத்துக்காகக் காத்திருந்தால் அது இருந்திருக்குமா என்பது சந்தேகம்.

திட்டம் தந்த வக்கீலும் கெட்டிக்காரர்தான், குறை சொல்ல முடியாது. டெக்சாஸ் தண்டனைச் சட்டத்தில் 9.04 என்று ஒரு பிரிவு இருக்கிறது. பலத்தைப் பயன்படுத்த நியாயம் இருக்கும் இடத்தில், தேவைப்பட்டால் சுடுவேன் என்று எதிராளிக்குப் புரியவைப்பதற்காக மட்டும் ஆயுதத்தைக் காட்டினால், அது கொல்லும் பலத்தைப் பயன்படுத்தியதாக ஆகாது. அதையும் கேமரா பதிவையும் கிராண்ட் ஜூரிக்கு, அதாவது வழக்கு தொடரலாமா என்று முடிவு செய்கிற பொதுமக்கள் குழுவுக்கு, அனுப்பினார். அங்கே 12 பேரில் 9 பேர் சம்மதித்தால்தான் குற்றப்பத்திரிகை. சம்மதிக்கவில்லை.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். துப்பாக்கி திரும்பி வர ஐந்து மாதம். கைதுப் பதிவை அழிக்கத் தனி மனு, அந்தச் செலவு திட்டத்தில் கிடையாது. அழித்த பிறகும் குடியுரிமை விண்ணப்பத்தில் கைதானதை எழுதத்தான் வேண்டியிருந்தது.

ஆகவே தம்பி, படிவத்தில் முதலில் பார்க்க வேண்டியது, கோடி டாலர் வரை தருவோம் என்கிற எண்ணை அல்ல. துப்பாக்கியைக் காட்டினாலே உதவி உண்டா, வக்கீலை நீங்களே தேர்ந்தெடுக்கலாமா, பணத்தை அவர்களே நேராகக் கட்டுவார்களா அல்லது நீங்கள் கட்டிவிட்டுப் பின்னால் வாங்க வேண்டுமா. என் திட்டத்தை விட்டுவிட்டேன். வேறொன்று எடுத்திருக்கிறேன்.

கோப்புக்காரி:

ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் பன்னிரண்டு வருடமாகக் கோப்பு தூக்குகிறேன். நான் வக்கீல் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அண்ணா, கடை இன்சூரன்ஸை எடுத்துக் கடைசிப் பக்கங்களைப் பாருங்கள். வேண்டுமென்றே செய்த காயத்துக்குப் பணம் இல்லை என்பது வழக்கமான விதி. நியாயமான தற்காப்பாக இருந்தால் அந்த விதி பொருந்தாது என்று வழக்கமாக எழுதியிருக்கும். ஆனால் இரவில் திறந்திருக்கும் கடைகளுக்கு, அடிதடியால் வரும் எந்த வழக்குக்கும் பணம் கிடையாது என்று தனித்தாள் ஒன்றைச் சேர்த்து ஒட்டிவிடுவதும் உண்டு. எப்படியிருந்தாலும் அது நஷ்டஈட்டு வழக்குக்குத்தான், கிரிமினல் வக்கீலுக்கு ஒரு பைசா வராது. உங்கள் கடைப் பையன் சுட்டால் உங்கள் திட்டம் அவனுக்கு உதவுமா என்றும் பாருங்கள். பெரும்பாலும் உதவாது.

இதைவிட முக்கியமான விஷயம் கிரீன் கார்டு. டெக்சாஸில் குற்றத்தை ஒப்புக்கொண்டால், தீர்ப்பைத் தள்ளிவைத்துக் கண்காணிப்பில் வைத்து, ஒழுங்காக இருந்தால் வழக்கைத் தள்ளுபடி செய்யும் வழி ஒன்று உண்டு. குடியுரிமை உள்ளவருக்கு அது வரம். குடியேற்றச் சட்டத்தின் கண்ணில் அதுவும் தண்டனைதான். துப்பாக்கிக் குற்றமாக இருந்தால் நாடு கடத்தவும் அது போதும். இதை எச்சரிக்க வேண்டியது வக்கீலின் கடமை என்று 2010-இல் பாடில்லா வழக்கில் உச்ச நீதிமன்றமே சொன்னது. ஆனால் பட்டியல் வக்கீலுக்கு இதெல்லாம் பழக்கமா என்று நீங்கள்தான் கேட்க வேண்டும். குற்றத்தை ஒப்புக்கொண்டால் கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்கும் திட்டங்களும் உண்டு.

இன்னொன்று, மாநிலம் மாறினால் திட்டமும் கூடவே வராமல் போகலாம். தேசிய துப்பாக்கிச் சங்கம் (NRA) 2017-இல் தொடங்கிய ‘கேரி கார்ட்’ இன்சூரன்ஸை நியூயார்க் சட்டவிரோதம் என்றது. அதை விற்ற லாக்டன் என்ற தரகு நிறுவனம் 2018-இல் 70 லட்சம் டாலர் அபராதம் கட்டியது, சப் (Chubb) என்ற இன்சூரன்ஸ் நிறுவனம் 13 லட்சம். ‘கொலை இன்சூரன்ஸ்’ என்று எதிர்ப்பாளர்கள் பெயர் வைத்தார்கள். வாஷிங்டன் மாநிலமும் இப்படித்தான் கெடுபிடி.

இரவுக்கடை:

அக்கா, நீங்கள் சொன்ன தனித்தாள் என் பாலிசியில் இருக்கிறது. ஆறு வருடமாகப் பிரீமியம் கட்டுகிறேன், இன்றைக்குத்தான் பார்த்தேன்.

திட்டத்தின் படிவம் பதினோரு பக்கம். ‘காட்டுதல்’ என்ற சொல் இருக்கிறது, அது நிம்மதி. வக்கீலை அவர்கள்தான் தருவார்கள். குடியேற்றம் பற்றி ஒரு வரிகூட இல்லை. போன் செய்தேன், எழுத்தில் பதில் அனுப்புகிறோம் என்றார்கள். வரும்வரை கையெழுத்துப் போடப்போவதில்லை. மனைவியிடம் இரண்டு பதிலையும் படித்துக் காட்டினேன். தவணையைப் பற்றி இப்போது பேசுவதில்லை, கேமரா பதிவு எத்தனை நாள் இருக்கும் என்று கேட்கிறாள். போய்ப் பார்த்தால் நம் கடையிலேயே ஏழு நாள்தான். மாற்றச் சொல்லியிருக்கிறேன்.

பழைய உறுப்பினர் அண்ணா, கேமராவுக்குக் கடிதம் போட்டாரே அந்த முதல் வக்கீல், அவர் நம்பரைத் தனிச்செய்தியில் அனுப்ப முடியுமா?