புதுப்பிப்பு: மினிக்காய் போய் வந்தாச்சு

"லட்சத்தீவில் மினிக்காய் வரை போவது வீண் அலைச்சலா?" என்று ஜனவரியில் கேட்டிருந்தேன். அங்கேயே இருக்கும் அகத்தி தீவே போதும் என்றார்கள் பாதிப் பேர். நல்லவேளை, அவர்கள் பேச்சைக் கேட்கவில்லை. அனுமதிக்குக் காத்திருந்ததும், கொச்சியிலிருந்து கப்பலில் வாந்தி எடுத்ததும் தனிக்கதை.

1885இல் கட்டிய கலங்கரை விளக்கத்தில் ஏறினேன். ஒரு பக்கம் ஆழ்கடலின் கருநீலம், மறுபக்கம் காயலின் வெளிர்பச்சை, நடுவே தென்னைகள். காயலில் இடுப்பளவு தண்ணீரில் நின்றாலும் கால்விரல் நகம் தெரிகிறது. பவளத்துண்டு குத்தும், செருப்போடு இறங்குங்கள்.

கரையில் புகைவாடை. சூரை மீனை அவித்து, புகையூட்டி, வெயிலில் காயவைக்கிறார்கள், மாசிக் கருவாடுதான். அரைக் கிலோ வாங்கினேன். பை இன்னும் மணக்கிறது, வீட்டில் திட்டு விழுகிறது.