நடுக்கல்லா, பூட்டுக்கல்லா?

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

ஓரினத்தை அகற்றினால் அங்குள்ள உயிர்ச்சமூகமே குலையும் என்றால், அதை ஆங்கிலத்தில் ‘keystone species’ என்பார்கள். அதற்குத் தமிழில் நேற்று இங்கே முன்வைத்த ‘நடுக்கல் இனம்’ நல்ல முயற்சி. ஆனால் தர்மபுரியில் அது எடுபடாது. வகுப்பில் நான் ‘நடுக்கல்’ என்றால் பிள்ளைகள் காதில், இறந்த வீரர்களுக்கு நட்ட ‘நடுகல்’ என்றுதான் விழும். எங்கள் ஊர் அருங்காட்சியகத்தில் அவை வரிசையாக நிற்கின்றன. ‘க்’ என்ற ஒரேயொரு மெய்யெழுத்தை நம்பி ஒரு கலைச்சொல்லை விட முடியாது.

சொல் பிறந்த கதையைப் பார்ப்போம். 1963இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், மாக்கா விரிகுடாப் பாறைகளில் ஒட்டியிருந்த காவிக் கடல் நட்சத்திரங்களை (பெயர்தான் காவி, பல ஊதா நிறத்தில் இருக்கும்) சூழலியலாளர் ராபர்ட் பெயின் பெயர்த்தெடுத்துக் கடலில் வீசத் தொடங்கினார். அலை ஏறி இறங்கும் பாறைதான் இதன் வாழிடம், மட்டிதான் முக்கிய இரை. குழாய்க்கால்களால் மட்டியின் இரு ஓடுகளையும் பற்றி விடாமல் இழுக்கும். மயிரிழை இடைவெளி கிடைத்தால் போதும், தன் இரைப்பையையே வெளியே தள்ளி ஓட்டுக்குள் நுழைத்து, அங்கேயே மட்டியைச் செரித்துவிடும்! நீர் வடிந்து நெடுநேரம் காயும் மேல்பாறைக்கு அது அதிகம் ஏறாது. அதனால் மேலே மட்டிகள் பிழைக்கும், கீழே மற்ற உயிர்களுக்கு இடம் கிடைக்கும். அதை அகற்றியதும் மட்டிகள் கீழே இறங்கிப் பாறையை வளைத்துக்கொண்டன. 15 இனங்கள் இருந்த இடத்தில் 8தான் மிஞ்சின.

1969இல் பெயின் இத்தகைய இனத்துக்கு ‘keystone’ என்று பெயர் வைத்தபோது மனதில் கொண்டது, கல் வளைவின் உச்சியில் செருகும் ஆப்புக்கல்லை. அது தாங்கும் சுமை குறைவு, உருவினால் வளைவே சரியும். ஆகவே ‘ஆதார இனம்’ வேண்டாம். ஆதாரம் என்றால் அடியில் இருந்து சுமப்பது. பவளம்போல் தன் உடலாலேயே பிறவற்றுக்கு வீடு கட்டித்தரும் உயிர்களுக்கு அதை விட்டுவைப்போம்.

என் பரிந்துரை ‘பூட்டுக்கல்’. பூட்டு என்றால் கதவுதான் நினைவுக்கு வரும் என்று ஒருவர் தயங்கியிருந்தார். ஆனால் நாம் ஏர் பூட்டுகிறோம், வண்டி பூட்டுகிறோம். தனித்தனியாக நிற்பதை இணைத்து இறுக்குவதும் பூட்டுவதுதானே? வில்லின் இரு முனைகளையும் நாண் பிணைப்பதை வைத்துப் ‘பூட்டுவிற் பொருள்கோள்’ என்று நம் இலக்கணமே பேசுகிறது. வளைவும் ஒரு வில்தான்.

அப்புறம், ‘இனம்’ போதுமா, பாடநூல் வழக்கப்படி ‘பூட்டுக்கல் சிற்றினம்’ என்றே எழுதலாமா? தேர்வுத்தாளுக்குச் சிற்றினம்தான் சரி என்று எனக்குப் படுகிறது. மாற்றுக் கருத்து இருந்தால் எழுதுங்கள்.