மீள்திறனா, உரனா: மாணவர் வினாப்படிவத்துக்கு ஒரு சொல்

அவையோர்க்கு வணக்கம். கல்லூரி மாணவரின் பதற்றத்துக்கும் மனச்சோர்வுக்கும், இடரைத் தாங்கி மீளும் ‘ரெசிலியன்ஸ்’ என்னும் பண்போடு உள்ள தொடர்பை ஆயும் எங்கள் வினாப்படிவம் திங்களன்று அச்சுக்குப் போகிறது. மனச்சோர்வை அளக்கும் பி.எச்.க்யூ-9, பதற்றத்தை அளக்கும் ஜி.ஏ.டி-7 ஆகிய வினாத்தொகுப்புகளில் சிக்கல் இல்லை. 2003-இல் கானரும் டேவிட்சனும் வெளியிட்ட 25 கூற்றுகள் கொண்ட ரெசிலியன்ஸ் அளவையின் தலைப்புக்கு எந்தத் தமிழ்ச்சொல்லை இடுவது என்பதில்தான் நிற்கிறோம். இப்போதைக்கு ‘மீள்திறன்’ என்று இட்டிருக்கிறோம்.

*

அம்மையீர், மீள்திறன் பழுதற்ற வினைத்தொகையே. ஆயினும் மீள் என்னும் வேரிலிருந்து பிறந்த மீட்சியை இயற்பியலார் சுருள்வில்லுக்கு எழுதிக் கொடுத்துவிட்டனர். ‘சிதைவிடத்து ஒல்கார் உரவோர்’ என்ற குறளில், அம்பு தைத்த களிறு எங்கும் மீளவில்லை, தளராமல் நின்றது. ஆகவே மனவலிமையைக் குறிக்கும் ‘உரன்’ என்க. உரம் என்றால் யூரியா நினைவுக்கு வருமென அஞ்சுவோர்க்காகவே னகர ஈறு. மார்பைக் குறிக்கும் உரம் வடசொல் என்பாருக்குத் தனி மடலில் விடை தருவேன்.

*

ஐயா, களிறு நிற்கட்டும்; படிவத்தை நிரப்பப்போகிறவள் அரியர் வைத்திருக்கும் இரண்டாமாண்டு மாணவி. பி.எச்.க்யூ-9 இன் ஆறாம் வினாவே, தோற்றுவிட்டோம், குடும்பத்தாரை ஏமாற்றிவிட்டோம் என்ற எண்ணம் கடந்த இரு வாரங்களில் எத்தனை முறை வாட்டியது என்று கேட்கிறது. அதற்கு ‘ஏறக்குறைய நாள்தோறும்’ எனக் குறித்தவளிடம், உனக்கு உரன் குறைவு என்று நாமும் சொல்வதா? ஹவாயின் கவாய்த் தீவில் 1955-இல் பிறந்த குழந்தைகளைப் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்த உளவியலாளர் எம்மி வெர்னர், இடர் மிகுந்த சூழலில் வளர்ந்தோருள் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் நன்றாகத் தலையெடுத்ததைக் கண்டபோது, அவர்களுக்குத் துணைநின்றவற்றுள் அக்கறையுள்ள ஒரு பெரியவரின் ஆதரவும் இருந்தது. உரன் என்ற சொல்லோ அந்தப் பெரியவரை மறைத்துவிட்டு எல்லாவற்றையும் பிள்ளையின் நெஞ்சுக்குள் அடைக்கிறது. இன்னொன்று: மீள்திறன் மிக்கோரிடம் பதற்றமும் சோர்வும் குறைந்து காணப்படுவது ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வருவதுதான் என்றாலும், எல்லா அளவைகளையும் ஒரே அமர்வில் நிரப்பச் செய்தால் எது எதற்குக் காரணம் என்று பிரிக்க இயலாது, ஏனெனில் சோர்ந்திருப்பவர் ‘என்னால் சமாளிக்க முடியும்’ என்பது போன்ற கூற்றுக்கே குறைந்த எண்ணை இடுவார். ஆய்வேட்டில் மீள்திறன் இருக்கட்டும். மாணவர் கையில் சேரும் தாளில் தலைப்பே வேண்டாம்.

*

தலைப்பை நீக்கினோம், ஆய்வேட்டில் மீள்திறன் என்றே அச்சாகிறது. அனைவர்க்கும் நன்றி.

*

அச்சாகட்டும். மீண்டவர்க்கு மீள்திறன் சரி. விழாமலே நின்றவர்க்கு என்ன சொல் என்பதற்கு இன்னும் ஒருவரும் விடை தரவில்லை.